இடைகழியில் நான்காமவர்
(கள்ளக்குறிச்சி வட்டாரச் சமயக் கதைகளில் துன்பமும் இறைத்துணையும்: ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

துன்பம் நேரும்போது மனிதர் இறைவனிடம் எதைக் கேட்கிறார்கள் என்பதும், அவ்வாறு கேட்டவர்களுக்கு இறைவன் எதைத் தந்ததாக ஒரு வட்டாரத்தின் கதைகள் சொல்கின்றன என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை எல்லா ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றே: நோய் தீரவேண்டும், கடன் அடையவேண்டும், போனவர் திரும்பவேண்டும். இரண்டாவதற்கு விடை ஊருக்கு ஊர் மாறுகிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, நிர்வாகக் கணக்கில் மிக இளையது. ஆனால் அதன் எல்லைக்குள் அடங்கிய திருக்கோவிலூர், கூவாகம், கல்வராயன் மலை ஆகிய மூன்று இடங்களிலும் வழங்கும் சமயக் கதைகள் மிகப் பழையவை. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. இக்கதைகளில் தெய்வம் துன்பத்தை விலக்குவதில்லை; துன்பத்துக்குள் தானும் வந்து நிற்கிறது. இறைவனை நம்பி வலிமை பெறுதல் என்பதன் பொருளை இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு தூரம் மாற்றிவிடுகிறது என்பதே இங்கே ஆராயப்படுவது.

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூர், உலகளந்த பெருமாள் எழுந்தருளிய வைணவத் திருப்பதியாகவும், சிவபெருமானின் எட்டு வீரச்செயல்களுக்கு உரியனவாகச் சொல்லப்படும் அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றாகவும் விளங்குவது. ஆழ்வார்களுள் முதல் மூவரான பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்களாக, முறையே காஞ்சியிலும் கடல்மல்லையிலும் மயிலையிலும் தோன்றி, தனித்தனியே திரிந்துவந்து, கடும் மழை பெய்த ஓர் இரவில் இவ்வூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார்கள் என்பது வைணவ குருபரம்பரை வரலாறு. இடைகழி என்பது தெருவாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய நடைவழி. அங்கே ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், அவ்வளவே இடம். மூவரும் நின்றுகொண்டிருந்த அந்த இருட்டில் நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தபோது, அது யார் என்று காண்பதற்காகப் பொய்கையாழ்வார் உலகையே விளக்காக ஏற்றியும், பூதத்தாழ்வார் அன்பையே விளக்காக ஏற்றியும் பாட, அந்த வெளிச்சத்தில் பேயாழ்வார் திருமாலைக் கண்டு பாடினார் என்பர். முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள் என்று நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ள நூறு நூறு வெண்பாக்கள் இவ்வாறு பிறந்தன. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாக அமையும் தொடர்நிலைச் செய்யுளே அந்தாதி.

இக்கதையை விளக்குவோர் பெரும்பாலும் விளக்கேற்றிய செய்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். கதையில் இல்லாத ஒன்றையும் கவனித்தல் தகும். மழை நின்றதாகக் கதை சொல்லவில்லை. இடைகழி அகன்றதாகவும் சொல்லவில்லை. உலகை ஓரடியால் அளந்தவராகப் போற்றப்படும் அதே பெருமாள், காலை நீட்டவும் இடமில்லாத ஒரு நடைவழியில், நனைந்து நிற்கும் மூவரோடு நான்காமவராக நிற்கிறார். இருந்த நெருக்கடியை அவர் கூட்டினாரே தவிரக் குறைக்கவில்லை. கடவுள் வந்ததற்கு அடையாளம் வசதி அன்று, நெருக்கமே என்று வைத்த அந்தக் கதையாசிரியர் யாராயினும், துன்பத்தை நேரில் அறிந்தவராகவே இருக்கவேண்டும்.

அதே திருக்கோவிலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடியுள்ளார். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிய அடியார் வேடத்தில், ஓலைச்சுவடிக் கட்டுக்குள் குறுவாளை மறைத்துவந்து, ஆகமம் ஓதுவிப்பதாகச் சொல்லித் தனிமையில் அவரைக் குத்தினான். வாளை உருவிய மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, சிவவேடம் தாங்கியவனை ஊறின்றி ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடச்சொன்ன மன்னர், அது நிறைவேறிய செய்தியைக் கேட்கும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்தார். இங்கேயும் இறைவன் கத்தியைத் தடுக்கவில்லை. சாகும் நிலையிலும் தம் கொள்கையிலிருந்து வழுவாதிருக்கும் உறுதி அவருக்கு இருந்தது. சேக்கிழார் பாடுவதும் அந்த உறுதியைத்தான். இன்றைய வாசகருக்கு அந்த மன்னிப்பு அளவுமீறியதாகத் தோன்றலாம். அது நியாயமான ஐயமே.

தெய்வம் உடன் நிற்கும்போது மனிதரின் பங்கு என்ன என்ற கேள்வி இங்கே எழுகிறது. தன் முயற்சியால் ஆவதொன்றுமில்லை என உணர்ந்து இறைவனே கதியென்று அடைக்கலம் புகுவதைச் சரணாகதி என்றும் பிரபத்தி என்றும் வைணவர் வழங்குவர். அடைக்கலம் புகுந்தவருக்குத் தன் பங்கு ஏதேனும் உண்டா என்ற வினா, வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் வாழ்ந்த 13, 14ஆம் நூற்றாண்டுகளில் கூர்மை பெற்று, பின்னர் வடகலை, தென்கலை என்ற பிரிவுகளின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை ஒரு சாராரும், தாய் கவ்விச் செல்ல வாளாவிருக்கும் பூனைக்குட்டியை மறுசாராரும் உவமை காட்டினர். அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் 1988இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வு, இடர்ப்பாட்டில் மனிதர் கடவுளோடு கொள்ளும் உறவை மூன்றாகப் பகுத்தது: எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருத்தல், கடவுள் தந்த அறிவைக் கொண்டு தானே தீர்த்துக்கொள்ளுதல், கடவுளும் தானும் கூட்டாளிகளாக நின்று செயல்படுதல். ஆசாரியர்கள் முக்தியைப் பற்றிப் பேசினார்கள், உளவியலார் அன்றாட வாழ்வைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், இரு சாராரும் தொட்டது ஒரே முடிச்சுதான். ஆயினும் இவ்விரு பகுப்புகளிலும் ஒரு குறை உண்டு. இரண்டுமே கடவுள் ஒருவர், மனிதர் ஒருவர் என்ற இருவரை மட்டும் எண்ணுகின்றன. இடைகழியில் இருந்தவர்களோ நால்வர். கூவாகத்துக்குப் போனால் அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்காகிறது.

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகத்தின் கூத்தாண்டவர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் பதினெட்டு நாள் திருவிழா நடக்கிறது. கூத்தாண்டவர் என்பவர் பாரதக் கதையின் அரவான். அருச்சுனனுக்கும் நாககன்னியான உலூபிக்கும் பிறந்த மகன். வடமொழிப் பாரதத்தில் இவன் போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படும் வீரர்களுள் ஒருவன். அதற்குமேல் அங்கே அவனுக்கு முதன்மை இல்லை. தமிழ்நாட்டிலோ, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பா தொடங்கி, அவன் களப்பலியாகிறான். போரில் வெற்றி கிட்டும்பொருட்டுப் போர் தொடங்குமுன் காளிக்குத் தரப்படும் உயிர்ப்பலியே களப்பலி. எல்லா இலக்கணமும் பொருந்திய ஒருவன் பலியாகவேண்டும், அத்தகையோர் கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவரே, முதலிருவரையும் இழக்க முடியாது என்று பாண்டவர் கணக்குப் போட்டு மிச்சமிருந்தவனிடம் கேட்கிறார்கள், அவன் உடன்படுகிறான். சாகுமுன் மணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவன் கேட்கும்போது, மறுநாள் கைம்பெண் ஆகப்போகிறவளாகத் தன் மகளைத் தர எவரும் முன்வராத நிலையில், கண்ணனே மோகினியாக உருமாறி அவனை மணக்கிறான் என்பது நாட்டார் வழக்கில் வளர்ந்த பகுதி. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் வழியே இந்த மரபு உலக ஆய்வாளர் கவனத்துக்கும் வந்தது.

கூழ் வார்க்கும் சாகை வார்த்தல் சடங்கோடு விழா தொடங்குகிறது. சித்திரை முழுநிலவையொட்டி இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்து சேரும் திருநங்கையர் மணக்கோலத்தில் கோயிலுக்கு வந்து, அரவானின் பெயரால் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அரவானின் மனைவியர் என்ற இந்த உறவிலிருந்தே அரவாணி என்ற முந்தைய பெயர் வந்தது. நேர்த்திக்கடனாக உள்ளூர் ஆண்களும் சிறுவர்களும்கூடத் தாலி கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் காலை அரவானின் பேருருவம் தேரில் ஏற்றப்பட்டு, பந்தலடி என்னும் அழுகளத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அங்கே பலி நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட்டதும் தாலிகள் அறுக்கப்படுகின்றன, வளையல்கள் உடைக்கப்படுகின்றன. முந்திய இரவு மணப்பெண்களாக இருந்தவர்கள் மார்பில் அடித்து ஒப்பாரி வைத்து, குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஊர் திரும்புகிறார்கள். இறந்தவரை முன்னிட்டுப் பெண்கள் பாடி அழும் பாட்டே ஒப்பாரி.

இச்சடங்கில் வேண்டுதலும் உண்டு, கொண்டாட்டமும் உண்டு. ஆனால் அதன் உச்சம் அழுகை. வணங்கப்படும் தெய்வம் வென்ற தெய்வம் அன்று, பிறருடைய வெற்றிக்காக வெட்டப்பட்ட தெய்வம். அவனுக்குத் துணையாக வந்த கண்ணனும், அவன் தலையைக் காப்பாற்றும் ஆற்றல் இருந்தும் அதைச் செய்யாமல், ஓரிரவு மனைவியாக இருந்து மறுநாள் தாலியறுத்து அழுகிறான். காக்கும் கடவுளை அழும் கடவுளாக மாற்றிய இந்தத் துணிவுக்கு இணையானது தமிழ்ச் சமயக் கதைகளில் மிகக் குறைவு. பெற்றோரால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்களும், பள்ளியிலும் வேலையிடத்திலும் இகழப்பட்டவர்களும், இழவு வீட்டில் உரிமையோடு அழக்கூட இடம் மறுக்கப்பட்டவர்களும் ஆண்டுக்கொருமுறை ஒரு வயல்வெளியில் கூடி, அழுவதற்கு உரிமையுள்ள மனைவியராக நின்று வாய்விட்டு அழுகிறார்கள்; அந்த அழுகையை நையாண்டி செய்ய முடியாதபடி அதைச் சடங்காக்கித் தருகிறது கோயில். இறைவன் தரும் வலிமை என்று சொல்லப்படுவது இங்கே கண்ணால் பார்க்கத்தக்க ஒன்றாக இருக்கிறது.

இவ்விழாவைப் பற்றித் திருநங்கையருக்குள்ளேயே மாற்றுக் கருத்து உண்டு. கைம்மைக் கோலத்தைப் புனிதமாக்குவதேன் என்று கேட்போரும், வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தின் அத்துமீறல்களைச் சுட்டுவோரும் அவர்களுள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியைப் பக்திக் குறைவு என்று தள்ளிவிட இயலாது. எனினும் விழாவுக்கு முந்திய நாட்களில் விழுப்புரத்தில் நடக்கும் கூட்டங்களும் அழகிப் போட்டிகளும் எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும், சிதறிக்கிடந்தவர்களை ஓர் அமைப்பாகத் திரட்ட உதவின என்பதை மறக்கலாகாது. தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நல வாரியத்தை அமைத்ததும், உச்ச நீதிமன்றம் 2014இல் அதே ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலின உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்ததும் தெய்வச்செயல் என்று எவரும் சொல்லவில்லை. திரண்டவர்கள் கேட்டுப் பெற்றவை அவை. ஆனால் திரள்வதற்கு முதலில் ஓரிடம் வேண்டியிருந்தது. அந்த இடங்களில் ஒன்றைக் கூத்தாண்டவர் கொடுத்தார்.

கல்வராயன் மலையின் கதை இன்னும் எளியது. மலையாளி என்று வழங்கப்படும் இம்மலைவாழ் பழங்குடியினர் பேசுவது தமிழ். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை, மலைவாழ் மக்கள் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு. காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கரிராமன் என்னும் தெய்வம் ஊரைவிட்டுக் கிளம்பிவிட, அவரைப் பின்பற்றிப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு புறப்பட்டு வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்துபோனார்கள் என்று 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பில் காணப்படுகிறது. யார் எந்த மலைக்குப் போனார் என்பது மலைக்கு மலை மாறும். குடிபெயர்ந்த மக்கள் தங்கள் தெய்வத்தையும் எடுத்துச்சென்றார்கள் என்பது உலகெங்கும் வழங்கும் செய்தி. இங்கே முதலில் குடிபெயர்ந்தவர் தெய்வம். மக்கள் பின்னால் போனவர்கள். வாழ்விழந்து மேடேறிய ஒரு கூட்டம், தாங்கள் துரத்தப்பட்டவர்கள் அல்லர், தங்கள் சாமியைத் தேடிவந்தவர்கள் என்று தம் வரலாற்றை அமைத்துக்கொண்டதில் உள்ள தன்மதிப்பு சாதாரணமானதன்று.

அந்தத் தன்மதிப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. வரி தண்டும் உரிமை குடிவழியாகச் சிலரிடம் விடப்பட்ட ஜாகீர் முறை, சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களாக இம்மலையில் நீடித்து, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவை மலைமக்களுக்குப் போதிய அளவு கிட்டாததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்குக்குக் காரணமாக அமைந்தது அவ்வாண்டு சூனில் மலையடிவாரத்தில் நிகழ்ந்த பெருந்துயரம்.

2024 சூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அதைச் சுற்றியும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றுவலியோடும் பார்வை மங்கியும் மருத்துவமனைக்கு வரத்தொடங்கி, கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலுமாக 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும் உயிரையும் தாக்குவது. உரிய நேரத்தில் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் வழக்கை மத்தியப் புலனாய்வுப் பிரிவுக்கு மாற்றி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தகைய துன்பத்தின்முன் இறைவனை நம்புங்கள் என்று சொல்வது எப்போது ஆறுதல், எப்போது ஏமாற்று என்பதைப் பிரித்தறிய வேண்டும். மழையும் இருட்டும் இயற்கையின் செயல். கள்ளச்சாராயமோ காய்ச்சுபவர், கடத்துபவர், கண்டும் காணாதிருந்தவர் எனப் பலர் கைப்பட்டு வருவது. மனிதரால் விளைந்த கேட்டை விதியென்று ஏற்கச் செய்யும் சமயப் பேச்சைச் சுயமரியாதை இயக்கத்தார் கண்டித்தபோது அவர்கள் தவறான இலக்கைத் தாக்கவில்லை. அதே வேளையில், கணவனை இழந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அன்றிரவு தேவைப்படுவது குற்றப்பத்திரிகை மட்டுமன்று என்பதையும், அவளோடு நின்று அழ நான்கு பேர் வேண்டும் என்பதையும் அவர்கள் போதுமான அளவு எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

குடியை விடுவதற்குச் சாமிமுன் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வதும், மாலை போட்டு ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், குடியைத் தொடாதிருப்பதும் தமிழ்நாட்டில் பரவலாக உள்ள வழக்கங்கள். மாலை கழற்றிய மறுநாளே பலர் பழைய நிலைக்குத் திரும்புவதைச் சுட்டி இவற்றை எள்ளி நகையாடுவது எளிது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய குடிநோயாளர் கூட்டமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளும் ஏறத்தாழ இதே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன: தன் ஆற்றலால் குடியை வெல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தன்னினும் பெரிய ஓர் ஆற்றலிடம், அவரவர் கருதும் கடவுளிடம், தன்னை ஒப்படைத்தல். வேறுபாடு அடுத்து நடப்பதில் உள்ளது. அங்கே தன்னை ஒப்படைத்தவர் தனியாக வீட்டுக்குப் போவதில்லை. தம்மைப் போன்றவர்களின் கூட்டத்துக்கு வாரந்தோறும் வருகிறார், வழுக்கி விழுந்தாலும் மீண்டும் வருகிறார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, குடியை முற்றாக நிறுத்தியிருக்கச் செய்வதில் இம்முறை பிற சிகிச்சைகளுக்குக் குறையாதது, சிலவற்றில் மேலானது என்று கண்டது. மண்டல விரதத்தின் நாற்பத்தெட்டு நாளும் பலருக்கு எளிதாவதற்குக் காரணம், உடன் மாலை போட்டவர்கள் காலையும் மாலையும் பசனைக்கு வந்து நிற்பதே. நாற்பத்தொன்பதாம் நாள் அக்கூட்டம் கலைந்துவிடுகிறது; அங்கேதான் கோளாறு.

ஆகவே இம்மாவட்டத்தின் கோயில் நிர்வாகங்களும் பூசாரிகளும், தேவாலயங்களின் குருமாரும் பள்ளிவாசல் பெரியவர்களும் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டவரை அடுத்த வாரமும் வரச்சொல்லுதல், வருபவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுதல், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால் அத்தகையவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லுதல், ஊரில் சாராயம் விற்பவர் யார் என்று தெரிந்தால் அதைக் காவல் நிலையத்தில் சொல்லும் பெண்களோடு துணைக்குப் போதல் ஆகிய இவற்றுக்கு உண்டியல் பணமும் பெரிதாக வேண்டியதில்லை. கருணாபுரத்திலும் கல்வராயன் மலைமேலும் இதைத் தொடங்க எந்தத் திருவிழாவுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.